சட்டைக் கை

பெப்ரவரி. நாற்பத்தொரு பாகை.
ஒற்றைச் சப்பாத்தோடு வந்து நின்றான்.
மற்றது எங்கையடா என்றேன்.
"பஸ் தரிப்பிடத்துக் கூரையில" என்றான்,
ஏதோ அது தானாய்ப் பறந்துபோன மாதிரி.
வலது பாதத்தில் தார் ஒட்டிச்
சிவந்திருந்தது.
அதைக் கழுவும்போதுதான்
பிரோடி என்ற பெயரை
முதன்முதலாய்க் கேட்டேன்.

அதிபருக்கு எழுதினேன்.
கவனத்தில் எடுத்திருக்கிறோம் என்று பதில் வந்தது.
எடுத்த கவனத்தை எங்கே வைத்தார்களோ,
அடுத்த கிழமை புத்தகப்பை
குப்பைத் தொட்டிக்குள் கிடந்தது.

டண்டினோங் சந்தைக்குப் பின்னால்
கம்பளக் கடையாய் இருந்த கட்டடத்தில்
ஜூடோ வகுப்பு.
பழக்குபவள் மரீனா. பகலில் பஸ் ஓட்டுகிறாள்.
திருப்பி அடிக்கச் சொல்லிக்கொடுங்கள் என்றேன்.
என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.
"முதலில் விழட்டும்."

ஆறு கிழமை விழுந்தான்.
பக்கவாட்டில், பின்புறமாய், உருண்டு.
உள்ளங்கை பாயை அறையும் சத்தம்
கார் நிற்கும் இடம்வரை கேட்கும்.
இதற்கா மாதம் எண்பது டொலர்,
விழ அவனுக்குத் தெரியாதா என்று
ஸ்டியரிங்கோடு கதைத்துக்கொண்டிருந்தேன்.
வீட்டிலும் விழுந்தான், சோபாவிலிருந்து.
கீழ்வீட்டுக்காரர் தும்புத்தடியால்
தன் கூரையை இடித்தார்.

பிறகு கத்தப் பழக்கினாள்.
அடிவயிற்றிலிருந்து, ஆளின் கண்ணைப் பார்த்து.
ஆங்கிலத்தில் வராத சத்தம்
ஒருநாள் தமிழில் வந்தது:
"விடடா!"
அது போதும் என்றாள் மரீனா.
அன்றைக்கு முழு வகுப்பும்,
ஆப்கான் பிள்ளை, வியட்நாம் பிள்ளை,
பல் விழுந்த இரட்டையர் இருவரும்
விடடா விடடா என்று
சுவர் அதிரக் கத்தினார்கள்.
காதுவரை தோளைத் தூக்கியபடியே நடப்பவன்
அன்று தோளை இறக்கிக்கொண்டு காருக்கு வந்தான்.

ஜூலைக் குளிரில் ஒரு செவ்வாய்
கதவைத் தள்ளிக்கொண்டு பிரோடி.
தாயை எனக்குத் தெரியும்.
முதியோர் இல்லத்தில் என் இரவு வேலை முடிய
அவள் காலை வேலைக்கு வருவாள்;
எனக்குக் கை சரியான கையுறையை
ஒளித்து எடுத்துவைப்பவள்.
"இவனுக்குக் கூட்டாளிகள் இல்லை" என்றாள்,
"இங்கே யாராவது கிடைக்கலாம்."
என் வாய்க்குள் ஒரு சப்பாத்து இருந்தது.
விழுங்கினேன்.

அவனும் ஆறு கிழமை விழுந்தான்.
ஒவ்வொரு விழுகையையும் எண்ணினேன்,
விருப்பத்தோடு எண்ணினேன்.

செப்டெம்பரில் இருவரையும் சோடி சேர்த்தாள்.
அவளுக்கு ஒன்றும் தெரியாது.
துவாரகன் என் பக்கம் திரும்பவே இல்லை.
ஒரு கை கழுத்துப்பட்டியில்,
மறு கை அவனுடைய சட்டைக் கையில்.
இடுப்பு உள்ளே போனது.
அரை நொடி
என் மகனின் முதுகில்
மூட்டையாய்க் கிடந்தான் பிரோடி.
அந்த அரை நொடியில்
நெஞ்சுக்குள் கத்தினேன்: விடடா.
பிடியை விடடா.
தலை போய் மோதட்டும்.

பத்து வயதுப் பிள்ளையின் தலை.
நான்தான் நினைத்தேன்.

அவன் விடவில்லை.
நிலம் வரும் நேரம் பார்த்துச்
சட்டைக் கையை மேலே இழுத்துப் பிடித்தான்.
தோள் விழுந்தது.
உள்ளங்கை பாயை அறைந்தது.
தலை தரையைத் தொடவே இல்லை.
குனிந்து வணங்கினார்கள்.
பிறகு பிரோடியின் முறை;
என் பிள்ளையும் விழுந்து எழும்பினான்.

காரில் கேட்டேன்,
"எப்படி இருந்தது?"
"அவன்ர கை நல்லா வேர்த்திருந்தது" என்றான்.
அவ்வளவுதான்.

பஸ் தரிப்பிடத்தில் சிவப்பு விளக்கு.
கூரை விளிம்பில்
மழையில் நிறம் போன லேஸ் ஒன்று
இன்னும் தொங்குகிறது.
நான் அண்ணாந்து பார்த்தேன்.
அம்மா, பச்சை விழுந்திட்டுது என்றான்,
பசிக்குது, எடுங்கோ.